ஆசிரியர் வட்டமும் மாணவர் அரசும்: கொலம்பியாவின் ‘எஸ்குவேலா நுவேவா’ – ஒரு நிகழ்வு ஆய்வு

மாணவர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்க வேண்டும் என்று சொல்லாத பள்ளி கிடையாது. நடைமுறையில் அது வகுப்புக்கு ஒரு லீடரைப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. ஆசிரியர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அந்தப் பிள்ளையின் வேலை. ஒருவர் கண்காணிக்கிறார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒருவரும் கற்றுக்கொள்வது, ஆசிரியரின் அதிகாரத்தைச் சற்று நேரம் இரவல் வாங்கி வைத்திருப்பது எப்படி என்பதை மட்டும்தான்.

கொலம்பியாவின் கிராமப்புற ஓராசிரியர் பள்ளிகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதிலிருந்து விலகி வேறு வழியில் நடந்தன. அந்த முறைக்கு ‘எஸ்குவேலா நுவேவா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் ‘புதிய பள்ளி’ என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அங்கே குழந்தைகள் நடத்தும் மாணவர் அரசைப் பற்றித்தான் வியந்து பேசுவார்கள். வியக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: அந்தக் குழந்தைகளின் ஆசிரியர்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்து கூடிப் பேசிய சிறு வட்டம். மாணவர் அரசைத் தாங்கிப் பிடித்தது அந்த வட்டம்தான் என்பதே இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது.

எங்கிருந்து வந்தது

1960களில் கொலம்பியக் கிராமங்களில் பள்ளி என்றால் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். யுனெஸ்கோவின் ஆதரவில் 1961ல் நாட்டின் வடகிழக்கில் உள்ள பம்ப்லோனா நகரின் கிராமக் கல்வி நிறுவனத்தில் இத்தகைய பள்ளிகளுக்கான ‘ஒற்றைப் பள்ளி’ முறை முயன்று பார்க்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் பணியாற்றிய ஆஸ்கர் மொகோலோன் என்ற கிராமத்து ஆசிரியர் அதைத் தன் வகுப்பறையில் செய்து, திருத்தி, மெருகேற்றிக்கொண்டிருந்தார். சமூகவியல் படித்து, ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு கல்வி அமைச்சகத்துக்கு வந்த விக்கி கோல்பெர்ட் அவரைச் சந்தித்தார். அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனத்தைச் சேர்ந்த பெரில் லெவிங்கரும் சேர்ந்துகொண்டார். 1970களின் நடுவில் எஸ்குவேலா நுவேவா பிறந்தது இப்படித்தான்.

இந்த மூவரில் ஒருவர் அன்றாடம் சுண்ணக்கட்டி பிடித்த ஆசிரியர் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்விச் சீர்திருத்தங்கள் பலவும் மேலே எழுதப்பட்டு, கீழே சுற்றறிக்கையாக இறங்குகின்றன. இங்கே ஒரு வகுப்பறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அமைச்சகம் எடுத்து வளர்த்தது. மொகோலோன் பின்னால் நாடு முழுவதற்குமான திட்டப் பொறுப்புக்கே வந்தார். கிராமத்து ஆசிரியர் ஒருவர் அந்த இடத்துக்கு வர முடிந்தது என்பது மற்ற ஆசிரியர்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றைய ஆசிரியரின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். ஐந்து வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். கையில் இருக்கும் பாடநூலோ ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற நான்கும் சும்மா இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஒரு மலை தாண்டி இருக்கும். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை, நன்றாக நடந்தால் பார்க்கவும் ஆளில்லை. தலைமை என்ற சொல்லெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தனிமையை உடைக்க வேண்டியிருந்தது.

பாட வழிகாட்டி ஏடுகள் அதில் ஒரு பங்கு செய்தன. ஆசிரியர் ஒவ்வொன்றாக விளக்காமல் பிள்ளைகள் தாங்களே படித்து, பேசி, செய்து பார்க்கும்படி எழுதப்பட்ட ஏடுகள் அவை. முதலில் தனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கும் செயல்கள், பிறகு பயிற்சி, கடைசியில் வீட்டிலோ ஊரிலோ போய்ச் செய்துவர வேண்டிய பயன்பாடு என்று மூன்று படி. அறுவடைக் காலத்தில் பிள்ளை சில வாரம் வராமல் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஆண்டு வீணாகாது. ஏடு கிடைத்ததும் ஆசிரியரின் கையும் கண்ணும் கொஞ்சம் ஓய்ந்தன. அந்த ஓய்வில்தான் மற்றவை நடந்தன.

குழந்தைகள் கையில் பள்ளி

எஸ்குவேலா நுவேவா பள்ளிக்குள் காலையில் நுழையும் பிள்ளை முதலில் செய்வது சுவரில் தொங்கும் வருகை அட்டைக்குப் போவது. தன் பெயருக்கு நேரே தானே குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பெயர் கூப்பிடுவதில்லை, ‘உள்ளேன் ஐயா’வும் கிடையாது. பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும், வருகைப் பதிவேட்டைக் கைவிடுவது ஆசிரியருக்கு எவ்வளவு கஷ்டம் என்று. ஒரு பிள்ளை பொய்யாகக் குறித்துவிட்டால்? தாமதமாக வந்துவிட்டுச் சரியான நேரம் போட்டால்? அந்த அட்டையை மாட்டிய பிறகு, மறைவாக இன்னொரு பதிவேட்டை வைத்துச் சரிபார்க்காமல் இருப்பதுதான் ஆசிரியருக்கான பயிற்சி. நம்பிக்கை வைக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் பின்னால் சரிபார்த்தால் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்கு மேல் மாணவர் அரசு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர் ஆகியோரைப் பிள்ளைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் முதுகெலும்பு அதுவல்ல. நூலகம், தோட்டம், தூய்மை, விளையாட்டு என்று குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு குழுவில் இருந்தே ஆக வேண்டும். தோட்டக் குழுவில் இருக்கும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் ‘இந்த வாரம் இந்தப் பாத்தி என் பொறுப்பு’ என்ற ஒன்று கையில் இருக்கிறது. திட்டம் போட்டு, செய்து, என்ன நடந்தது என்று எல்லோர் முன்னும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மேசைகளும் இதற்கு ஏற்றவைதான்: ஒருபக்கம் குறுகிய சரிவக வடிவ மேசைகள். சேர்த்துப் போட்டால் குழுவாக உட்காரலாம்; ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்.

இவற்றோடு ஆலோசனைப் பெட்டி. பிள்ளைகள் தங்கள் மனதில் உள்ளதைச் சீட்டில் எழுதிப் போடலாம். நண்பனைப் பாராட்டி எழுதுவதற்குத் தனியாக நட்புத் தபால் உண்டு. வீடு வீடாகச் சுற்றிவரும் பயண நோட்டும் உண்டு. பெற்றோரும் அதில் எழுதுவார்கள். ஊரின் வரைபடத்தையும் விவசாய நாட்காட்டியையும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து தயாரித்துச் சுவரில் மாட்டுகிறார்கள்.

இந்தப் பெட்டிதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். சீட்டுகள் பிள்ளைகளின் கூட்டத்தில் வாசிக்கப்படும். தூய்மைக் குழு சரியாக வேலை செய்யவில்லை என்று ஒரு சீட்டு வரும். சரி, பேசித் தீர்க்கலாம். ‘ஆசிரியர் சத்தம் போடுகிறார், பயமாக இருக்கிறது’ என்று ஒரு சீட்டு வந்தால்? அதை எட்டு வயதுப் பிள்ளை எல்லோர் முன்னாலும் வாசித்தால்? அந்த நொடியில் ஆசிரியரின் முகத்தைத்தான் எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அவர் முகம் சுளித்தால் அடுத்த வாரம் பெட்டி காலியாக இருக்கும். அந்த ஆண்டு முழுவதும் காலியாகவே இருக்கும். ‘உண்மைதான், நான் யோசிக்கிறேன்’ என்று அவர் சொன்னால், குறை கேட்பதும் தலைமையின் வேலை என்பதை அந்த அறையில் உள்ள அத்தனை பேரும் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்.

சரி, அப்படிச் சொல்லும் மனத்துணிவு ஒரு தனி ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்? பயிற்சி வகுப்பில் யாரோ சொற்பொழிவாற்றினால் வருமா?

ஆசிரியர் வட்டம்

‘மைக்ரோசென்ட்ரோ’ என்பது அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் முறை வைத்துக் கூடும் வட்டம். பொதுவாக மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய பள்ளியில். இந்தச் சுற்றுமுறையில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. நகரத்து அலுவலகத்தில் கூடினால் பேசிவிட்டுப் போய்விடலாம். சக ஆசிரியரின் வகுப்பறையிலேயே கூடும்போது சுவரில் மாட்டியிருக்கும் வருகை அட்டை, நூலக மூலையில் இருக்கும் புத்தகங்கள், தோட்டப் பாத்தி எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன. நடக்கிறது என்று சும்மா சொல்ல முடியாது. சரியாக நடக்காததையும் மறைக்க முடியாது. விருந்தாளிகளுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுவதும் பெரும்பாலும் பிள்ளைகள்தான். எந்தக் குழு என்ன செய்கிறது என்று அவர்களே விளக்குகிறார்கள். ஆசிரியர் பின்னால் நிற்கிறார்.

வட்டத்துக்குள் நடப்பது எளிமையானது. கடந்த முறை பேசியதை முயன்று பார்த்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். ஒரு சிக்கலை எடுத்துச் சேர்ந்து அலசுகிறார்கள். வழிகாட்டி ஏட்டில் தங்கள் ஊருக்குப் பொருந்தாத ஒரு செயலை மாற்றி எழுதுகிறார்கள். ஒருவர் தனக்குக் கைவந்ததை மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிறார். வாசிப்பில் கெட்டிக்காரர் இன்று வழிநடத்தினால், கணக்கில் தேர்ந்தவர் அடுத்த முறை. மேலதிகாரி வந்தாலும் குறிப்பேட்டோடு தணிக்கைக்கு வருவதில்லை. கூட இருந்து உதவ வேண்டும் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட வேலை.

பெரும்பாலான ‘ஆசிரியர் கூட்டங்கள்’ தோற்கும் இடமும் இதுதான். மேலிருந்து வந்த அறிவிப்புகளை வாசித்து, படிவங்களை வாங்கி, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தால் அது கூட்டம், வட்டமாகாது. வட்டத்தில் ‘எனக்கு இது வரவில்லை’ என்று ஒருவர் சொல்ல முடிய வேண்டும். ஆலோசனைப் பெட்டியில் தன்னைப் பற்றி வந்த சீட்டைக் கொண்டுவந்து வைத்து, ‘இப்படி எழுதியிருக்கிறான், என்ன செய்யட்டும்?’ என்று கேட்க முடிய வேண்டும். தன்னோடு ஒத்த நிலையில் உள்ளவர்களிடம் குறையை ஒப்புக்கொண்டு பழகிய ஆசிரியருக்குத்தான், பிள்ளைகள் முன்னாலும் அதை ஒப்புக்கொள்ள முடியும். நான் பார்த்தவரை இதில் குறுக்குவழி எதுவும் இல்லை.

பயிற்சியும் இதே போக்கில் அமைக்கப்பட்டது. புதிதாகச் சேரும் ஆசிரியரை முதலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மாதிரிப் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள். அதன் பிறகு ஓராண்டில் இடைவெளி விட்டு மூன்று பட்டறைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரம். முதல் பட்டறையில் பள்ளியையும் ஊரையும் ஒழுங்குபடுத்துவது, மாணவர் அரசை அமைப்பது; அடுத்ததில் வழிகாட்டி ஏடுகள்; அதற்கடுத்து நூலகம். ஆசிரியர்களுக்கான பயிற்சி ஏடும் பிள்ளைகளின் ஏட்டைப் போலவே எழுதப்பட்டிருந்தது. குழுவாக உட்கார்ந்து, படித்து, பேசி, செய்து பார்க்க வேண்டும். நாளைக்குப் பிள்ளைகள் எப்படிக் கற்க வேண்டுமோ அப்படியே ஆசிரியர் இன்று கற்றார். ‘குழுக் கற்றல்’ பற்றி மூன்று மணி நேரம் சொற்பொழிவு நிகழ்த்தும் பயிற்சிகளை நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இந்தப் பயிற்சி வரிசையில் ஏடுகளுக்கு முன்பே மாணவர் அரசு வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பொறுப்பேற்கப் பழகிய அறையில்தான் தாங்களே படிக்கும் ஏடு வேலை செய்யும். பல இடங்களில் முதலில் புத்தகத்தை அச்சிட்டு அனுப்பிவிட்டு, பண்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

என்ன கிடைத்தது

1985 அளவில் ஏறத்தாழ 8,000 பள்ளிகள். அந்தப் பத்தாண்டின் முடிவில் 18,000 அளவுக்கு எட்டியது. காப்பி விளையும் கல்தாஸ் மாநிலத்தில் 1982 முதல் காப்பி விவசாயிகளின் கூட்டமைப்பு இதைக் கையில் எடுத்தது. அங்கே அது இன்றுவரை வேரோடி நிற்கிறது. 1989ல் உலக வங்கி, வளரும் நாடுகளில் தேசிய அளவில் வெற்றி கண்ட மூன்று கல்விச் சீர்திருத்தங்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒப்பிட்டபோது, பெருநகரங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் கொலம்பியாவின் கிராமப் பிள்ளைகள் நகரப் பிள்ளைகளை முந்தியிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் அது வழக்கத்துக்கு மாறான செய்தி.

மதிப்பெண்ணைவிட எனக்கு நெருக்கமான சான்றுகள் வேறு. கிந்தியோ மாநிலத்தில் எஸ்குவேலா நுவேவா பள்ளிகளையும் மற்றப் பள்ளிகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, பிள்ளைகள் ஒருவரோடொருவர் அமைதியாகப் பழகுவதில் இந்த முறைக்கு நல்ல பங்கு இருப்பதைக் கண்டது. பல பத்தாண்டுகளாக உள்நாட்டுச் சண்டையில் தவித்த நாடு அது. அங்கே இது வெறும் ‘கூடுதல் திறன்’ கிடையாது. 1990களில் இதே முறையைத் தழுவித் தொடங்கிய குவாத்தமாலா பள்ளிகளைக் கூர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் பார்த்தது இன்னும் நுணுக்கமானது: தன் முறை வரும்வரை காத்திருப்பது, கேட்காமலே அடுத்தவருக்கு உதவுவது, குழுவை வழிநடத்துவது போன்றவை அந்த வகுப்பறைகளில் அதிகம் தென்பட்டன. தலைமை என்பதை அளக்க வேண்டுமென்றால் இப்படித்தான் அளக்க வேண்டும். மேடையில் எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் என்று பார்ப்பது வசதியானது, ஆனால் போதாது.

எங்கே சறுக்கியது

1990ல் அரசாணை மூலம் இது கிராமப்புறத் தொடக்கக் கல்விக்கான முறையாகவே ஆனது. சிக்கலும் அங்கேதான் பெரிதானது. கணக்கில் பள்ளிகள் கூடின. பட்டறைகள் சுருங்கின, வட்டங்கள் தளர்ந்தன. பின்னால் வந்த ஆய்வுகள், பெயர்ப்பலகையில் எஸ்குவேலா நுவேவா என்று இருந்தும் நூலகம் இல்லாத, ஏடு போதாத, மாணவர் அரசு இயங்காத பள்ளிகளைக் கண்டன. எந்தப் பள்ளியில் எவ்வளவு நடந்தது என்பது அங்குள்ள ஆசிரியர்களின் விருப்பத்தையும் அவர்களுக்குக் கிடைத்த துணையையும் பொறுத்து மாறியது. ஏட்டை லாரியில் ஏற்றி அனுப்பலாம். ஆசிரியர்களுக்குள் இருக்கும் நம்பிக்கையை அப்படி ஏற்ற முடியாது. இந்த ஆபத்தை முன்பே உணர்ந்துதான் கோல்பெர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் 1987ல் அரசுக்கு வெளியே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நிர்வாகங்கள் மாறினாலும் முறையின் தரத்தைக் காக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். கோல்பெர்ட்டுக்கு 2013ல் வைஸ் பரிசு, 2017ல் யிடான் பரிசு என்று கல்விக்கான இரண்டு சர்வதேச விருதுகள் கிடைத்தன.

1994ல் கொலம்பியாவின் பொதுக் கல்விச் சட்டம் மாணவர் பங்கேற்பை எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கியது. பள்ளியின் கடைசி வகுப்பிலிருந்து ஒரு மாணவர் ‘பெர்சொனேரோ’வாக, அதாவது மாணவர் உரிமைகளுக்கான பிரதிநிதியாக, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். வகுப்புகள் தொடங்கி 30 நாட்களுக்குள் ரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று அதே ஆண்டின் அரசாணை சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேர்தலுக்கு நாள் குறிக்கும் அளவுக்குத் தெளிவாக, தேர்தலுக்கு அடுத்த நாள் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் குறிக்க முடியாது. சுவரொட்டி, முழக்கம், வாக்குப்பெட்டி எல்லாம் முடிந்ததும், செய்ய வேலை எதுவும் தரப்படாத ஒரு பிரதிநிதி மிஞ்சினால், பிள்ளைகள் கற்றுக்கொள்வது வாக்கு கேட்பதை மட்டும்தான். குழுக்கள் முதுகெலும்பு என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

வியட்நாமின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2012–13 கல்வியாண்டிலிருந்து 1,447 தொடக்கப் பள்ளிகளில், 84.6 மில்லியன் டாலர் வெளிநாட்டு நிதியோடு, இந்த முறை அந்நாட்டுக்கு ஏற்றபடி கொண்டுவரப்பட்டது. மாணவர் தன்னாட்சி மன்றமும் குழுவாக உட்காரும் முறையும் வந்தன. வேகமாகப் பரவியபோது, நெரிசலான வகுப்பறைகளில் பிள்ளைகள் கரும்பலகைக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பதாகவும் ஆசிரியர் கற்பிப்பதே இல்லை என்றும் பெற்றோர் எதிர்த்தார்கள். 2016ல், விரும்பும் பள்ளிகள் மட்டும் தொடரலாம் என்று கல்வி அமைச்சகம் சொல்ல வேண்டியதாயிற்று. நன்றாக நடத்திய பள்ளிகளும் அங்கே இருந்தன. கொலம்பியாவில் ஒரு கிராமத்து வகுப்பறையிலிருந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்தது, வியட்நாமில் சில ஆண்டுகளில் மேலிருந்து இறங்கியது. பெற்றோருக்கு விளக்கவும் ஆசிரியர்கள் தங்களுக்குள் தெளியவும் அவகாசம் போதவில்லை என்றே நான் படிக்கிறேன்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆலோசனைப் பெட்டி வைக்கலாம் என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். பெட்டியில் வருவதைத் தாங்கும் பலம் முதலில் வேண்டும். அந்தப் பலம் சக ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. அதற்கு அரசாணையோ நிதியோ தேவையில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளிகளில், அல்லது ஒரே பள்ளியிலேயே, நான்கைந்து பேர் போதும். கூட்டத்தை வழிநடத்துவது முறை வைத்து மாறட்டும். வயதில் மூத்தவரே எப்போதும் பேசும்படி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் தனக்கு வராத ஒன்றை எடுத்து வைக்கட்டும், அடுத்த முறை அதில் என்ன செய்து பார்த்தார் என்பதிலிருந்தே தொடங்கட்டும். அங்கே பேசுவது வெளியே போகாது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தலைமையாசிரியர் வந்தால் எல்லோரோடும் வட்டத்தில் உட்காரட்டும், மேசைக்குப் பின்னால் வேண்டாம்.

முதல் கூட்டத்தை வகுப்பு முடிந்த பிறகு காலி அறையில் வைக்காதீர்கள். யாராவது ஒருவரின் வகுப்பில், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே மற்றவர்கள் உள்ளே போய்ப் பின்னால் அமருங்கள். ஒரு பாடவேளை முழுக்க யாரும் எதுவும் சொல்லாமல், யார் யாருக்கு உதவுகிறார்கள், யார் பேசாமலே இருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.